மூணாவது கிடங்கு மேற்பார்வையாளர்

— டப்பாவைத் திறக்காம என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படிங்க? என்ன விஷயம்னு சொல்லுங்க. உங்க மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு.

— முதல்ல இந்த ஏசியைக் குறை. கட்டின பொண்டாட்டியோட மத்தியானச் சாப்பாடு சாப்பிட ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்ற ஒரே ஆம்பள நான்தான்.

— ஏசி எனக்கில்ல, இந்த மெஷின்களுக்கு. அதுங்களுக்குச் சூடு ஏறினா நம்ம மருந்து லாரி ஒண்ணுகூட நகராது. பேச்சை மாத்தாம சொல்லுங்க.

— இந்தா பாரு, நான் வெறும் தூதுவன். என்மேல பாயக் கூடாது. சாயந்திரம் நாலு மணிக்குக் கூட்டம். முதலாளி உன் பிரிவை மூடப் போறார்.

— ஓ! இதைச் சொல்ல இறங்கி வந்தது பணியாளர் அதிகாரியா, என் புருஷனா?

— ரெண்டு பேரும்தான். அதிகாரிக்கு வருத்தம், புருஷனுக்குப் பயம்.

— காரணம் என்னவாம்?

— "ஒரு வருஷமா ஒரு திருட்டுப் பயகூட நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வரல. அப்புறம் எதுக்குய்யா காவலுக்கு ஒரு ஆளு?"ன்னு கேக்குறார்.

— வரலையா? வந்தவனையெல்லாம் வாசல்லயே விரட்டிக்கிட்டு இருக்கேங்க! பூட்டு தொங்குறதாலதான் வீடு பத்திரமா இருக்கு. பத்திரமா இருக்குன்னு பூட்டைக் கழட்டி எடைக்குப் போடுவாரா?

— இதையேதான் நானும் சொன்னேன். பூட்டு, எடை எல்லாம் இல்லாம, கொஞ்சம் மரியாதையா. "ஒருத்தனையாவது பிடிச்சுக் காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்"னுட்டார்.

— சரி, என்னை எங்க தள்ளப் போறாங்க?

— கோபப்படாத. பிரிண்டர் ரிப்பேர்.

— பிரிண்டரா! காகிதம் சிக்கிக்கிச்சுன்னா இழுத்து விடுறதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்? நான் போன மறுநாளே எவனாவது உள்ள பூந்து எல்லாத்தையும் முடக்கிட்டான்னா, எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்துன்னு முதலாளி வந்து வாயால சொல்வாரா?

— தெரியுதும்மா. உன் பக்கம்தான் நியாயம். ஆனா காட்டுறதுக்கு ஒரு திருடன் வேணுமே. இப்ப எங்க போய்ப் பிடிக்கிறது?

— பொறி வச்சிருக்கேங்க.

— பொறின்னா? எலிக்கு வைப்போமே, அதுவா?

— ஆமாமா, அதேதான். தேங்காய்த் துண்டுக்குப் பதிலா ஒரு மனுஷன்.

— மனுஷனா!

— இல்லாத மனுஷன். நானே பெத்தெடுத்தேன். பேரு, பதவி, பிறந்தநாள் எல்லாம் என் கற்பனை. கம்ப்யூட்டர்ல இருக்குற ஊழியர் பட்டியல்ல சேர்த்துவிட்டேன். அவருக்குன்னு மெயில்கூட உண்டு. "என் நாற்காலியை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க", "மின்விசிறி ஓடல, மனுஷன் வேலை செய்யறதா வேண்டாமா"ன்னு அவர் எழுதுற மாதிரி நானே எழுதி வைப்பேன். படிக்கிற திருடனுக்கு நிஜ ஆளுன்னு தோணணும்ல?

— அடேயப்பா! அப்போ டிவி முன்னாடி உட்கார்ந்துக்கிட்டுத் தனியா சிரிச்சுச் சிரிச்சு டைப் பண்ணினது இதைத்தானா? நான் வேற என்னமோன்னு நினைச்சு என் தங்கச்சிகிட்ட புலம்பிட்டேனே!

— அதானே பார்த்தேன்! நாத்தனார் போன் பண்ணி, "அண்ணி, வீட்ல எல்லாம் சரியா இருக்கா, நிஜமாவே சரியா இருக்கா"ன்னு நோண்டி நோண்டிக் கேட்டாங்க.

— சரி, விடு. மனுஷன்னா சந்தேகம் வரத்தான் செய்யும். அது இருக்கட்டும், ஊழியர் பட்டியல் என் பொறுப்பு. எனக்கே தெரியாம அதுல ஒரு ஆளா?

— ஒரு வருஷமா இருக்கார். பிறந்தநாளுக்கு உங்க பேர்ல வாழ்த்துகூட வந்துச்சு. நான்தான் உருகி உருகி நன்றி எழுதினேன்.

— அதெல்லாம் மெஷின் தானா அனுப்புறது. கட்டின புருஷன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— உங்ககிட்ட சொன்னா உங்க தங்கச்சிக்குத் தெரியும். உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா திருடனுக்கே தெரிஞ்சிடும்.

— சிரிக்காத, சோறு புரையேறப் போகுது. இந்தா பாரு, அந்த ஆளை வச்சு எப்படித் திருடனைப் பிடிப்ப? அதைச் சொல்லு.

— கேளுங்க. அப்படி ஒரு ஆளு இருக்கார்னு உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் பேரு கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் இருக்கு. அந்தப் பேரை வேற யாராவது உச்சரிச்சா, அவன் திருட்டுத்தனமா உள்ள பூந்து பட்டியலைப் படிச்சிருக்கான்னு அர்த்தம். அவரோட பாஸ்வேர்டைக்கூடக் கண்ணுல படுற மாதிரி போட்டு வச்சிருக்கேன். அதை வச்சு எவனாவது நுழைஞ்சா எனக்கு மணி அடிக்கும்.

— அடிச்சுதா?

— ம்ஹூம். அதான் வயித்தெரிச்சல். எவனோ ஒரு கில்லாடி சுத்திக்கிட்டு இருக்கான்னு மட்டும் தெரியுது, பாஸ்வேர்டைத் தொடவே மாட்டேங்கிறான். சாயந்திரத்துக்குள்ள அவன் மாட்டினாப் போதும், என் பிரிவு பிழைச்சுக்கும். இல்லன்னா பிரிண்டர்தான்.

— மாட்டுவான், மாட்டுவான். ஆமா, உன் சீமந்த புத்திரனுக்கு என்ன உத்தியோகம் போட்டுக் குடுத்த?

— மூணாவது கிடங்கு மேற்பார்வையாளர்.

— என்னது!

— ஏங்க, கை ஏன் அப்படியே நிக்குது? உப்பு கம்மியா?

— எத்தனாவது கிடங்குன்ன?

— மூணாவது. நமக்கு இருக்குறதே ரெண்டு கிடங்குதான். பட்டியலைப் பார்க்குற அதிகாரிக்கு அதுகூடத் தோணல பாருங்க!

— தோணலையேம்மா. பேரைச் சொன்னவுடனே பட்டியல்ல தேடினேன், இருந்துச்சு. பிறந்தநாள் கேட்டேன், டக்குனு சொன்னார். "நல்லா இருக்கீங்களா சார், வாழ்த்து அனுப்பினீங்களே"ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

— யார் கையை? என்னங்க உளர்றீங்க?

— சத்தம் போடாத. நுழைவு அட்டை தொலைஞ்சு போச்சாம், புதுசு கேட்டு நேர்லயே வந்திருக்கார். மேலே என் ரூம்ல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டு இருக்கார்.