மூலை வீட்டு விலை

மூலை வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக விலை வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இரண்டு பக்கமும் காற்று வரும். சண்டை போட அண்டை வீட்டுக்காரர் ஒருவர்தான் இருப்பார். நீங்கள் எப்போதாவது வாங்குவதாக இருந்தால் மூலை வீடாகப் பாருங்கள், சார். விசாரிக்க வந்தவரிடம் இதைச் சொல்வது பொருத்தமில்லைதான். பழக்கதோஷம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புதுக் குடியிருப்பில் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சிமெண்டும் கம்பியும் என்பார்கள். கட்டுகிற முதலாளி என்பார்கள். இரண்டும் இல்லை. முதலில் வாங்குகிறவர்தான் முடிவு செய்கிறார். முதல் வீடு என்ன விலைக்குப் பதிவாகிறதோ அதைப் பார்த்துத்தான் வங்கி அடுத்த வீட்டுக்குக் கடன் கொடுக்கும். அதைக் காட்டித்தான் விற்பனை மேலாளரான நானும் அடுத்தவரிடம் வாய் திறப்பேன். முதல் ஆள் சறுக்கினால் அறுபது வீடும் சறுக்கும். அதனால் முதல் ஆளைச் சம்பந்தி வீட்டாரைப் போல நடத்துவேன். வெயில் படக்கூடாது, மனம் கோணக்கூடாது, வேண்டாத பேச்சு காதில் விழக்கூடாது.

எங்கள் இடத்தில் இந்த மூன்றும் நடந்துவிட வாய்ப்பு இருந்தது. மதிலுக்குப் பின்னால் பின்தெரு. பட்டறைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெரு. நான் வளர்ந்ததும் அங்கேதான். அவர்கள் நாங்கள் வீடு கட்டிய நிலத்தின் ஊடே நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பேருந்து, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் இந்தப் பக்கம். அந்த நடைபாதை நகராட்சியுடையது, அடைக்க முடியாது. அடைக்காவிட்டால், இறக்குமதி ஓடு பதித்த சமையலறையின் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மூட்டையோடு நின்று எச்சில் துப்பிவிட்டுப் போவார். ஒரு எச்சிலுக்கு நாலு சதவீதம் குறையும் என்பது என் மதிப்பீடு.

நகராட்சித் தலைவரைப் பார்க்கப் போனேன். ஊரில் அவருக்குப் பஞ்சுமெத்தை என்று பெயர். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் அமுங்குவார். அது தேர்தல் நேரம். வீட்டு விலையைக் குறைப்போம் என்பது அவருடைய கோஷம். மேடையில் தொண்டை கிழிய முழங்குவார். எங்கள் குடியிருப்பில் மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் மூன்று வீடுகளுக்குத் துண்டு போட்டும் வைத்திருந்தார். மேடையை விட்டு இறங்கியதும் என் காதருகே வந்து, "குறைஞ்சிடாதுல்ல தம்பி?" என்பார்.

"பாதையை அடைச்சா பின்தெரு ஓட்டு போச்சு. அடைக்கலேன்னா என் மச்சான் என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டான்," என்று அன்றைக்குப் புலம்பினார்.

"அடைக்க வேணாம் தலைவரே. கேட் போடுவோம். தேவைப்படும்போது திறப்போம்."

"யாருக்குத் தேவைப்படும்போது?"

"அதை எழுத வேணாம்."

"எழுதாம விடுறதுலதான்யா நிர்வாகமே இருக்கு," என்றார்.

பொதுமக்கள் பாதுகாப்புக்காக நவீன வாயில் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் மேஜையைத் தட்டிக் கடுமையாக எதிர்த்தார். நீலம் அடிக்கக் கூடாது, பச்சைதான் அடிக்க வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டோம்.

கேட்டைச் செய்தது என் அக்காவின் கணவர். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வேலையை வெளியாளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்தத்தை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை நான். கம்பி கேட் என்று நினைத்து அளவெடுக்க வந்தவர், முழுத் தகடு என்றதும் சிரித்தார்.

"ஏன் மாப்ள, எங்க மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"மூஞ்சிக்கு இல்ல மாமா. தூசிக்கு."

"தூசி மேல ஏறித் தாண்டி வரும்டா. நாங்கதான் தாண்ட முடியாது."

சிரித்துக்கொண்டேதான் செய்தார். நல்ல வேலை, எள்ளளவு ஆடாது. அக்காவும் அவரும் என்னைப் பள்ளிக்கூட வயதிலிருந்து தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்னவன் என்பார்கள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி. அடித்தால் எங்கள் காவலாளி அலுவலகத்திலிருந்து சாவியை எடுத்துவந்து திறப்பார். இதற்கு மேல் நான் சேர்த்தது ஒரே ஒரு வாய்மொழி விதிதான்: வீடு பார்க்க ஆள் வந்திருக்கும்போது திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை நானே வாங்கி வைத்துக்கொள்வேன். காவலாளி இளகிய மனசுக்காரர். அப்படிப்பட்டவரை நம்பி விலையை விட முடியாது.

நீங்கள் கேட்கும் ஞாயிறன்று ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். முதல் வீட்டுக்கு நான் பிடித்துவைத்திருந்த ஆள். மூலை வீடு, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது. ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, குழாயைத் திறந்து பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர். அன்று பேனாவை எடுத்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன என்று மனைவி கேட்டார். பசுமைப் பகுதி என்றேன். பொய்யில்லை, ஒரு மரம் இருக்கிறது.

அப்போதுதான் மணி அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. பிறகு தகட்டில் கையால் தட்டினார்கள். முழுத் தகடு என்பதால் சத்தம் பெரிதாகக் கேட்டது. காவலாளி மூச்சு வாங்க வந்தார். அவரை வாசலுக்கு வெளியே கூட்டிப்போனேன்.

"சார், சாவி குடுங்க. நெஞ்சு வலியாம். தள்ளுவண்டியில படுக்க வச்சிருக்காங்க."

"ஆபீஸ்ல வச்சேனே."

"அங்க இல்ல சார், பாத்துட்டேன்."

"நல்லாப் பாருங்க. கிடைக்கலேன்னா பாலத்தைச் சுத்திப் போகச் சொல்லுங்க."

அவர் ஓடினார். நான் உள்ளே போனேன். டாக்டரின் மனைவி சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

"யாரோ கூப்பிடுறாங்களே. சின்னவனே, சின்னவனேன்னு கேக்குது."

"தூரத்துல ஒரு தெரு இருக்குங்க. அங்க வீட்டுக்கு வீடு ஒரு சின்னவன் இருப்பான்."

"அழுற மாதிரி இருக்கே."

"இந்த ஜன்னலைக் கொஞ்சம் பாருங்க," என்றேன். "ரெட்டைக் கண்ணாடி. மூடிக் காட்டுறேன்."

மூடினேன். தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியது போல எல்லாச் சத்தமும் நின்றது. டாக்டர் முகம் மலர்ந்தது. திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை அவரே செய்து பார்த்தார். அந்த ஜன்னல்களுக்குத் தனி விலை உண்டு. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார்.

பாலத்தில் அன்றைக்கு எந்தக் கட்சியின் ஊர்வலம் என்று எனக்கு நினைவில்லை. வண்டி அதில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா உயிரோடு இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்படிச் சொல்லி மனதைக் கெடுப்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. தலைவரிடம் பேசி, குடியிருப்பின் பூங்காவுக்கு மாமாவின் பெயரை வைக்கச் செய்தேன். ஒரு வெல்டரின் பெயரில் பூங்கா இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். திறப்பு விழாவில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் செய்த வாயில் இன்றும் அசையாமல் நிற்கிறது" என்றார். பின்தெரு கைதட்டியது, ஓட்டும் போட்டது. பெயர்ப்பலகையும் புல்தரையும் வந்ததும் பூங்காவைப் பார்த்த வீடுகளின் விலை ஏறியது. தலைவரின் மூன்று வீடுகளும் பூங்காவைப் பார்த்தவைதான். தற்செயல்.

அக்கா விழாவுக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாவி எங்கடா இருந்துச்சு?"

"தேடிக்கிட்டு இருந்தோம்க்கா."

"சின்ன வயசுல பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துடும்," என்றாள். "இப்ப அதுவும் இல்ல."

கொடுத்த தண்ணீரைத் தொடாமல் போனாள். பிறகு உங்களிடம் புகார் வந்தது.

சாவியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன், வேலை மும்முரத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சாவி என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் விரல்கள் அதன் மேல்தான் இருந்தன. முதல் தடவை கூப்பிட்டபோதே அக்காவின் குரல் என்று தெரியும். அந்தத் தெருவில் யாருக்கு நெஞ்சில் கோளாறு என்றும் தெரியும். மாத்திரை வாங்கிக் கொடுப்பவனே நான்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் மாமா என்று தெரிந்துதான் ஜன்னலை மூடினேன். டாக்டர் கையெழுத்துப் போடும்வரை திறக்கவில்லை. இதை முன்பே சொல்லியிருப்பேன். வீடுகளின் பத்திரப்பதிவு போன வாரம்தான் முடிந்தது.

அக்கா மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பூங்காவைப் பார்த்த வீடுகளில் ஒன்றை மட்டும் யாருக்கும் விற்காமல் அவளுக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறேன். கூடத்திலிருந்து பார்த்தால் மாமாவின் பெயர் நன்றாகத் தெரியும். சொந்தம் என்பதால் எட்டு சதவீதம் குறைத்திருக்கிறேன். அதற்கு மேல் குறைத்தால் பக்கத்து வீடுகளின் விலை அடிபடும். பக்குவமாக எடுத்துச் சொன்னால் அக்காவுக்குப் புரியும்.