தோலோட உள்பக்கம்

உக்காருங்க பர்டெட் மேஸ்திரி, தோல் எங்கயும் ஓடிறாது. வேலியிலதான் காயுது. காப்பிய குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க.

நேரமில்லையா? தெரியும். எங்க வீட்டுக்காரர் ஏமஸ ஆத்தோரத்து மரத்தடியில கழுத்துல கயித்தோட நிறுத்தி வெச்சிருக்கீங்க. இந்தத் தோலக் கொண்டுபோய்க் காட்டிட்டுக் கயித்த இழுக்கணும், அவ்வளவுதானே.

ஓ, திருப்பியே பாத்தாச்சா. சரி. வெளிய பாத்தா, சூடு போட்ட எங்க பெட்டிக் குறி. உள்ள பாத்தா உங்க பண்ணைக் குறியோட ரெண்டு நெட்டுக்கோடு பழைய தழும்பா தெரியுது, அதப் பெட்டியாக்குன மேல்கோடும் கீழ்க்கோடும் புதுசு. இல்லைன்னு நான் சொல்லவேயில்லையே. உங்க மாடுதான்.

என்னது, ஏமஸ் ஒத்துக்கிட்டாரா? அவர் வாயாலயா? கிறுக்கு மனுசன்.

அவர் சொன்னது பொய்யி, மேஸ்திரி. அவர் வலது கையப் பாத்தீங்கள்ல, கட்டவிரல் எங்க? உங்க மாட்டுக்குச் சுருக்கு வீசினப்பதான் கயித்துக்கும் குதிரைச் சேணத்துக் கொம்புக்கும் நடுவுல மாட்டிப் போச்சு. மறுநாளே வேலைய விட்டு அனுப்புனது நீங்கதான். சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டு விடுறேன். பழுக்கக் காஞ்ச இரும்பு வளையத்த ரெண்டு குச்சியில இடுக்கி, மாட்டு மேல சூட்டுக்கோடு இழுக்குறதுன்னா ரெண்டு கையும் முழுசா வேணும். உங்களுக்குத் தெரியாததா?

சிரிக்காதீங்க. ஓடைக்கு முள்கம்பி போட்டப்பவும் இப்படித்தான் சிரிச்சீங்க. தண்ணியில்லாம எங்க மாடு ஏழும் வரிசையா செத்துச்சு. அப்புறம் உங்க மாடு ஒண்ணு கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. மடி நெறையப் பாலு. எனக்கு அப்ப இருந்த ஆத்திரம் உங்களுக்குப் புரியாது.

பின்ன யாரா? இந்த வீட்டுல இருக்குறதே ரெண்டு பேரு.

இந்தாங்க, என் உள்ளங்கையில சுட்ட தழும்பப் பாருங்க. குச்சி எரிஞ்சு வளையம் நழுவிருச்சு. கீழ்க்கோடு கோணலாப் போயிருக்கு பாருங்க, அது அப்பதான். பால் வத்தினதும் போன வாரம் நானே அறுத்தேன். தோலப் புதைச்சிரலாம்னு அவர் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு. பூட்ஸு தைக்க ஆகும்னு நான்தான் கேக்கல.

அவரோட கட்ட அவுத்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினப்புறம் விசயத்தச் சொல்லுங்க. முன்னாடியே சொன்னா நான்தான் செஞ்சேன்னு கத்திக்கிட்டே நிப்பாரு.

என்ன முழிக்கிறீங்க, எந்திரிங்க, அந்த மரத்தடிக்கு நானும் வரேன். என் குதிரைக்குச் சேணம் போட்டு வெச்சுட்டுத்தான் உங்களுக்குக் காப்பியே ஊத்தினேன்.