வியாழன் மூன்று மணியின் காவலர் பேராசிரியர் பெலிசிதாஸ் மனலாங் அவர்களுக்கு

சமூக அறிவியலில் புள்ளியியல் என்னும் வியாழக்கிழமைக் கருத்தரங்கை முப்பத்தோர் ஆண்டுகள் முடிசூடாமல் ஆண்ட அரசியே! சராசரிகளின் சட்டையைப் பிடித்துச் சங்கதி கேட்டவரே! வீங்கிய விழுக்காடுகளை விசாரித்தே வீழ்த்திய வீராங்கனையே! எங்கள் ஏரியும் எரிமலையும் எழுந்து நின்று வணங்கும் பேராசிரியர் பெலிசிதாஸ் மனலாங் அவர்களே! வணக்கம்.

சென்ற ஆண்டே ஓய்வு பெற்று, வியாழன்தோறும் மூன்று மணிக்கு வெட்கமே இல்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும் என்னை எழுப்பி உங்களுக்கான இப்பிரிவுபசார மடலை எழுதப் பணித்தனர் துறையினர். "சார், கொஞ்சம் அளந்து எழுதுங்க, உங்க வழக்கப்படி அடிச்சு விட்றாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டனர். முயன்றேன். உங்களைப் பற்றி உண்மையை எழுதினாலே அது மிகையாகத்தான் வருகிறது.

தொள்ளாயிரத்துப் பதினேழு வியாழன்கள்! சூறாவளி நாளில் கூரைத் தகடு பறந்து வந்து முன்வரிசையில் விழுந்தபோது, அதற்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடரச் சொன்ன பெருமாட்டி நீங்கள். மேசைமேல் வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரை தூவிப் பொரித்த துரோன் தட்டு மணக்கும். அதன்மேல் வெள்ளைத் துணி மூடியிருக்கும். "கணக்குல யாரை விட்டுட்டீங்க?" என்ற உங்கள் ஒற்றைக் கேள்விக்குப் பேச்சாளர் நேராகப் பதில் சொன்னாலொழிய அத்துணி விலகாது. தலைநகரத்து மேதை ஒருவர் ஐந்தேகால் மணிவரை மழுப்பினார். பசியில் நாங்கள் அவருடைய வரைபடங்களைத் தின்னத் தயாரானோம்.

அந்தத் துணியின் முன் நானும் ஒருநாள் நின்றேன். ஏரிக்கரையில் கால்நட்டுக் கட்டிய இருநூற்றுப் பதினான்கு வீடுகளை நகர மன்றத்துக்காகக் கணக்கெடுத்தவன் நான். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் காலி என்று பட்டியலிட்டு, நெஞ்சு நிமிர்த்திப் படித்தேன். மறுநாள் அறிக்கை போக வேண்டும். பாதிக்கு மேல் காலி என்றால் மொத்தக் கரையையும் இடித்துச் சாலை போடுவார்கள்.

"கதவைத் தட்டினப்போ மணி என்ன சார்?" என்றீர்கள்.

"பத்து, பதினொண்ணு இருக்கும் மேம்."

"அந்நேரம் நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான், துறையில."

"அப்போ உங்க வீடும் காலி வீடுதானே?"

அன்று எழுந்த சிரிப்பில் ஏரி இரண்டு அங்குலம் ஏறியது, அளந்தவன் நான். கோபத்தில், "நாளைக்கு அறிக்கை போகணும் மேம், விளையாடாதீங்க!" என்று கத்தினேன்.

"நாளைக்குத்தானே? இன்னைக்கு வியாழன். செருப்பை மாட்டுங்க."

துரோனைத் தொடாமல் கிளம்பினோம். மீன்பிடிப் படகுகள் கரையேறும் நேரம். சந்தையில் மீன் விற்ற பெண்கள் வெறும் கூடைகளோடு திரும்பும் நேரம். என் காலி வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் அடுப்புப் புகை எழுந்தது. செருப்பைக் கையில் பிடித்து, மூங்கில் பாலங்களில் நடந்து, நீங்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டினீர்கள். உண்மையில் காலியாக இருந்தவை ஐந்தே ஐந்து! கடைசி வீட்டு அலிங் இசிங் நம்மை உட்காரவைத்துச் சோறும் பொரித்த மீனும் பரிமாறி, "காலி வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கு சார்? உப்பு போதுமா?" என்று கேட்டார். உப்பு போதும், என் கண்ணிலும் கொஞ்சம் இருந்தது.

அறிக்கையைத் திருத்தினோம். சாலை வளைந்து போனது. வீடுகள் நேராக நிற்கின்றன. அதற்கடுத்த வியாழனிலிருந்து நம் துரோன் வருவது அலிங் இசிங்கின் அடுப்பிலிருந்துதான். நாட்டில் எத்தனையோ கருத்தரங்குகள் நூல்களை வெளியிட்டிருக்கின்றன. இருநூற்றொன்பது குடும்பங்களைத் தம் வீட்டிலேயே விட்டுவைத்த கருத்தரங்கு நம்முடையது. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

பெருமாட்டியே! இனி உங்கள் குறையொன்றையும் சபையறியச் சொல்லியாக வேண்டும். வாராவாரம் வருகைப் பதிவேட்டை எல்லோரிடமும் நீட்டினீர்கள். பிரிவுபசாரத்துக்காக அதைப் புரட்டி, மும்முறை எண்ணினோம். தொள்ளாயிரத்துப் பதினேழு நாள்களில் ஒருநாள்கூட உங்கள் கையெழுத்து இல்லை. பதிவேட்டின்படி நீங்கள் இக்கருத்தரங்குக்கு வந்ததே இல்லை! என் பட்டியலில் அந்த வீடுகள் காலியாக இருந்ததைப் போல, எங்கள் ஏட்டில் உங்கள் இருக்கை காலி.

அதுபோன்ற தவறோடு உங்களை வழியனுப்ப மாட்டோம். முழங்கால் வலியின்றி, மூக்குக் கண்ணாடி தொலையாமல், நூறைத் தாண்டியும் கதவு தட்டிக் கேள்வி கேட்டு நீங்கள் நெடிது வாழ வேண்டும். இப்போது எழுந்து வாருங்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில், எல்லாப் பெயர்களுக்கும் மேலே இடம் விட்டிருக்கிறோம். பேனா திறந்திருக்கிறது. தட்டின் துணி முனையைப் பிடித்தபடி அலிங் இசிங் நிற்கிறார்; நீங்கள் கையெழுத்திடும்வரை அதைத் தூக்கக் கூடாதென்று கட்டளை. அவர் கேட்கப் போவதும் ஒரே கேள்வி:

"யாரை விட்டுட்டீங்க, மேம்?"

பசியோடும் பெருமையோடும்,
துறையின் ஆசிரியர்கள், அலுவலர்கள், ஏரிக்கரை வீட்டார்
அனைவருக்காகவும் எழுதியவர்: ருஃபீனோ காபிலிங்