வெற்றிலை மாற்றிய பேச்சு

அவர்களைத் திரும்பிப் போகச் சொன்னது நான். குண்டுகளுக்கு நடுவே ஓடும்போதும் அது எனக்குத் தெரிந்திருந்தது.

1987 ஐப்பசி. யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கிராமம். விடிந்து கொஞ்ச நேரம். தொலைவில் ஒரு ‘தும்’. பிறகு அமைதி. பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் சீறல். ஒரு பனை பாதியில் முறிகிறது. ஓடுகிறோம். முன்னால் தம்பிராசா. பின்னால் அவர் மனைவி யோகம், சின்னவள் வாணியை இழுத்துக்கொண்டு. மூத்தவள் கோகிலா என் கையைப் பிடித்திருக்கிறாள்.

“படுங்கோ! நிலத்திலை படுங்கோ!” தம்பிராசா கத்தினார்.

படுத்தேன். குண்டுகள் எங்கள் நாட்டுப் படை முகாம் இருந்த திசையிலிருந்து வந்தன. அமைதி காக்கப் போன படை.

நான் அந்த மண்ணில் பிறந்தவன் அல்ல. சேலம் அஸ்தம்பட்டியில் வக்கீல். சர்வதேசச் சட்டம் படித்தவன். மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவன்.

தம்பிராசா குடும்பம் 1984-இல் படகில் தப்பி வந்தது. பரமத்தி வேலூர் அகதி முகாமில் இருந்தார்கள். அவர் செல்லமுத்து என்பவரின் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்தார். 87 ஆடியில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. அகதிகள் மனம் விரும்பித் திரும்புகிறார்கள் என்று டில்லி உலகத்துக்குக் காட்ட வேண்டும். முகாமில் எடுத்துச் சொல்ல அதிகாரிகள் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. போனேன்.

தம்பிராசா தயங்கினார். நான் ஒரு காரியம் செய்தேன். வேலூரில் கொடிக்கால் குத்தகைக்குப் பத்திரம் கிடையாது. வெற்றிலை கைமாறினால் பேச்சு முடிந்தது. பிறகு எவரும் பின்வாங்குவதில்லை. மூன்று வருடத்தில் தம்பிராசாவும் அதைப் பார்த்திருந்தார். கொடிக்கால் வரப்பில் நின்று, ஊரில் இனி ஆபத்தில்லை என்று சொல்லி அவரிடம் வெற்றிலையை நீட்டினேன்.

செல்லமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க வக்கீலு, டில்லிக்காரனுக்காக நீங்க எதுக்குங்க வெத்தல மாத்தறீங்க? கொடிக்கால் அவனுதா, உங்களுதா?”

“ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டிருக்குதுங்க.”

“கையெழுத்துங்களா? போன வருசம் கரும்புக்கு ஆலைக்காரனுந்தான் போட்டான். உங்க ஊட்டுப் புள்ளைகள இப்படி அனுப்புவீங்களா?”

ரோஷம் வந்தது. “நானே கூடப் போறனுங்க. ஊட்டுல உட்டுட்டுத்தான் வருவேன்.”

தம்பிராசா வெற்றிலையை வாங்கிக்கொண்டார். “நீங்கள் சொல்லுறியள் எண்டால் போறம் ஐயா. பிள்ளையளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் வேணும்.”

புரட்டாசியில் போய்ச் சேர்ந்தோம். யோகம் கிணற்றை இறைத்தாள். நான் கிளம்பும் முன் எங்கள் படைக்கும் போராளிகளுக்கும் சண்டை மூண்டது. பாதை அடைபட்டது. பக்கத்து வீடுகள் காலியாயின. தம்பிராசாவும் மூட்டை கட்டினார். நான் தடுத்தேன். குடிமக்கள் மேல் குண்டு போடக்கூடாது, அது சட்டம் என்றேன். நம் படை போடாது என்றேன். ஓர் இரவு தங்கினார்கள். அந்த இரவு வானொலியில் எங்கள் நாட்டுப் பிரதிநிதியின் பேச்சு செய்தியாக வந்தது. ஏதோ தூர தேசத்தில் கிராமங்கள் மேல் குண்டு வீசுகிறார்களாம். அது உலகச் சட்டத்துக்கு விரோதமாம். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே சொற்கள். தம்பிராசாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கேட்டீர்களா என்பதுபோல.

விடிந்ததும் முதல் குண்டு.

எழுந்தபோது கோகிலாவின் கை என் கையில்தான் இருந்தது. இழுத்தேன். அவள் எழவில்லை. யோகம் வேலியோரம் கிடந்தாள். வாணிக்குத் தொடையில் காயம். ஆஸ்பத்திரிப் பாதை அடைபட்டிருந்தது. மூன்றாம் நாள் அவளும் போனாள். மழை. கிணற்றடியில் குழி வெட்டினோம். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

எங்கள் படையினர் என்னைக் கப்பலில் ஏற்றினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். சேலம் என்றேன். தம்பிராசாவை ஏற்றவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

1988-இல் வேலூர் முகாமிலிருந்து அடுத்த குழுவை அனுப்ப ஏற்பாடு நடந்தது. நீதிமன்றம் போனேன். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று வாதாடினேன். அரசு வக்கீல் ஒரே வரியில் முடித்தார். அகதிகளுக்கான உலக உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்துப் போடவில்லை. உண்மைதான். அதையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மனு தள்ளுபடி. முகாம் வாசலில் நின்று போகாதீர்கள் என்று கத்தினேன். போன வருசம் போகச் சொன்னவரும் நீங்கள்தானே என்று ஒருவர் கேட்டார். பேருந்து கிளம்பியது.

1989-இல் தம்பிராசா மறுபடி படகில் வந்தார். தனியாக. செல்லமுத்து அவருக்குக் கொடிக்காலில் வேலை கொடுத்தார். கேள்விப்பட்டு ஓடினேன். அதே வரப்பில் வெற்றிலையோடு நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

“வேண்டாம் ஐயா,” என்றார். “கையெழுத்து வைச்ச ஆக்களிட்டைக் குடுங்கோ.”

குனிந்து இலை கிள்ளப் போய்விட்டார். பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

யோகம். கோகிலா, பதினான்கு வயது. வாணி, ஒன்பது. அந்தப் பேருந்தில் போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அவர்களை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?