கொக்கி மாட்டலைன்னா

குல்சும்: அதான் கேக்கறேன் சஹாபு, ப்ளேன் கப்பல்ல எறங்கும்போது எதுக்கு இன்ஜினை ஏத்தணும்? நிக்கத்தானே வருது?

சஹாபுதீன்: அக்கா, மச்சான் பதினோரு மணிக்கு உள்ள போயி வேலை விஷயமா மேனேஜரைப் பாக்கச் சொல்லிக்கீறாரு. டீயைக் குடி.

குல்சும்: கம்பெனி வாட்ச்மேனே இப்பதான் நாஷ்டா துன்னுகினு கீறான். நீ சொல்லு.

சஹாபுதீன்: கப்பல்ல கொஞ்சூண்டு எடம்தான். தளத்துக்குக் குறுக்க கம்பிக் கயிறு கட்டியிருக்கும். ப்ளேன் வாலுக்கு அடியில ஒரு கொக்கி தொங்கும். அது கயித்துல மாட்டுனா ரெண்டு மூணு செகண்டுல நின்னுடும்.

குல்சும்: மாட்டலைன்னா?

சஹாபுதீன்: அதுக்குத்தான் இன்ஜினை ஏத்துறது. தளத்தைத் தொட்டவொடனே பைலட் முழு வேகம் குடுத்துருவான். மாட்டலைன்னா அப்படியே எம்பி மேல பூடலாம். வேகத்தைக் கொறச்சிட்டு, கொக்கியும் மாட்டலைன்னா... கடல்தான்.

குல்சும்: ஓ... நம்ம முகத்துவாரத்துல படகு வர்ற மாதிரி. பின்னால அலை தூக்கும்போது இன்ஜினைக் கொறச்சா கவுத்துடும்.

சஹாபுதீன்: அதேதான்.

குல்சும்: முன்ன நீ வேலை பாத்த ப்ளேன் அப்படி இல்லியே. கொக்கு மாதிரி நேரா எறங்கும்னு சொன்ன.

சஹாபுதீன்: அது ஹாரியர். வயசாயிடுச்சி அதுக்கு. இது ரஷ்யாக்காரங்க செய்யிற புது ப்ளேன், மிக். ரெண்டு இன்ஜின், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கரை சேக்கும். எடம் பத்தாதுன்னு ரெக்கையை மடிச்சி வெக்கலாம். எறங்கும்போது பொத்துனு வந்து உக்காருமா, அதுக்குன்னே சக்கரக் காலைக் கெட்டியா செஞ்சிக்கீறாங்க. உப்புக்காத்து அரிக்காம ஒடம்பு பூரா பூச்சு. வானத்துலயும் சண்டை போடும், கப்பலையும் அடிக்கும்...

குல்சும்: கொஞ்சம் மூச்சு வுட்டுக்க.

சஹாபுதீன்: நீதானே கேட்ட.

குல்சும்: புதுசு புதுசுன்ற. நேத்து மச்சான்கிட்ட, நீ ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தப்பவே அது பறந்துச்சின்னு சொன்னியே?

சஹாபுதீன்: பறந்துச்சி. ரஷ்யாக்காரங்க அவங்க கப்பல்லயே எறக்கிப் பாத்துட்டாங்க. அப்புறம் அவங்க நாடே ஒடஞ்சி, கையில டப்பு இல்ல. அதைவிடப் பெருசா இன்னொரு ப்ளேன் இருந்துச்சி, அதை எடுத்துக்கினு இதை ஓரங்கட்டிட்டாங்க.

குல்சும்: அவங்களே வேணாம்னு ஓரங்கட்டுனதை நம்மாளுங்க வாங்குறாங்களா? நல்ல வியாபாரம்தான். அத்தா கடைக்குக் கருவாடு கூட அப்படி வாங்க மாட்டாரு.

சஹாபுதீன்: தெரியாம பேசாத. ப்ளேன் சரியில்லாமயா ஓரங்கட்டுனாங்க? நாம கேட்டப்புறம் உள்ள இருக்கிறதை எல்லாம் மாத்திட்டாங்க. ராடார், கம்ப்யூட்டரு, எல்லாம். போன வருஷம், ரெண்டாயிரத்தேழுலதான் அந்தப் புதுசு பறந்துச்சி. இன்னும் நம்ம கைக்கே வரல.

குல்சும்: அப்போ நீ இன்னும் கண்ணால பாக்கல?

சஹாபுதீன்: ...படத்துல பாத்துக்கீறேன்.

குல்சும்: படத்தைப் பாத்தே இந்தக் குதி குதிக்கிற.

சஹாபுதீன்: வுடுக்கா. நேவியில பதினஞ்சு வருஷம் முடியுது. இனிமே எனக்கு இன்னா அதைப் பத்தி? இங்க கும்மிடிப்பூண்டியில வேலை, பொழுது சாஞ்சா பழவேற்காட்டுல நம்ம ஊடு. அம்மாவுக்கும் நிம்மதி.

குல்சும்: நிம்மதிதான்... ஆமா, அந்தக் கயிறு அறுந்தா?

சஹாபுதீன்: எந்தக் கயிறு?

குல்சும்: கப்பல்ல. அவ்ளோ வேகத்துல இழுக்கும்போது பட்டுனு அறுந்தா, நீ எங்க நிப்ப?

சஹாபுதீன்: நான் ஏன் அங்க நிக்கிறேன்? நான்தான் இங்க வேலைக்குச் சேர வந்துக்கீறேனே.

குல்சும்: சரி, நீ இல்ல. உன்னை மாதிரி ஒருத்தன். எங்க நிப்பான்?

சஹாபுதீன்: அதெல்லாம் உனக்கு எதுக்கு... அந்தப் பையை எவ்ளோ நேரம் மடியிலயே வெச்சிக்கினு இருப்ப? குடு.

குல்சும்: கையை எடு.

சஹாபுதீன்: அப்படி இன்னா கீது அதுல?

குல்சும்: மொதல்ல உன் கதையைச் சொல்லு. லீவுல வந்ததுலேர்ந்து பாக்கறேன், பெட்டியைக் கூட பிரிக்கல. ஒரு லுங்கியை வெச்சே ஓட்டிக்கினு கீற. நீயும் இன்ஜினை ஏத்திக்கினுதான் ஊட்டுக்கு வந்து எறங்கிக்கீற.

சஹாபுதீன்: அக்கா...

குல்சும்: முந்தாநாளு காலைல கொல்லையில கோழிங்களாண்ட இன்னா பாஷை பேசிக்கினு இருந்த?

சஹாபுதீன்: இந்தி.

குல்சும்: எந்த ஊரு இந்தி? கோழியே பயந்துகினு கூண்டுக்குள்ள பூடுச்சி.

சஹாபுதீன்: ...ரஷ்யா பாஷை. அந்த ப்ளேனைப் பிரிச்சி மாட்ட ரஷ்யாவுலயே கத்துக் குடுக்குறாங்க. அங்க போறவங்க லிஸ்டுல என் பேரு வந்துக்கீது. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

குல்சும்: குடுத்துட்டியா, குடுக்கப் போறியா?

சஹாபுதீன்: குடுத்துட்டேன். ஊருக்கு வர்றதுக்கு முன்னாலயே. அம்மாகிட்ட சொல்ல வாய் வரலக்கா. மச்சான் வேற இந்த வேலைக்கு நாயா அலைஞ்சாரு. பேஜாராப் பூடுச்சி. மேனேஜர்கிட்ட தப்புத் தப்பா பதில் சொல்லிட்டு வெளிய வந்துரலாம்னு பாத்தேன்.

குல்சும்: நல்லாக்கீதுடா. சேத்துவுட்டவர் மானம் போவட்டும்னு.

சஹாபுதீன்: வேற வழி தெரியல...

குல்சும்: மேனேஜர் உனக்காக ஒண்ணும் காத்துக்கினு இல்ல. நீ வரமாட்டேன்னு மச்சான் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாரு.

சஹாபுதீன்: அப்போ எதுக்கு என்னை பஸ்ஸு மாத்தி பஸ்ஸு ஏத்தி இவ்ளோ தூரம்...

குல்சும்: ஊட்ல வெச்சிக் கேட்டா நீ வாயைத் தொறப்பியா? இப்போ சொல்லு. கயிறு அறுந்தா எங்க நிப்ப?

சஹாபுதீன்: ...தளத்துல கோடு போட்டுக்கீதுக்கா. ப்ளேன் எறங்குறப்போ கோட்டுக்கு இந்தாண்டதான் நிக்கணும்.

குல்சும்: தாண்ட மாட்டியே?

சஹாபுதீன்: சத்தியமா தாண்ட மாட்டேன்.

குல்சும்: சரி. இந்தா பை. பிரி.

சஹாபுதீன்: இன்னா இது... ஸ்வெட்டரு? குரங்கு குல்லா வேறயா? அக்கா, இதை அம்மா பாத்தாங்கன்னா அவ்ளோதான். அவங்களுக்கு யாரு சொல்றது?

குல்சும்: பொன்னேரியில கடை கடையா ஏறி எறங்கி அதை வாங்கனதே அம்மாதான். நீ கோழியாண்ட பேசினதை மொதல்ல கேட்டதும் அவங்கதான். கயித்துக் கேள்வியும் அவங்க கேக்கச் சொன்னதுதான். பதிலை வாங்காம ஊட்டுக்கு வராதன்னுட்டாங்க.