அரசி எழும்ப மாட்டாளாம்

பறிக்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டாமல் விட்டுக்கொடு என்று பிள்ளைக்குச் சொல்லலாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மோர்னிங்சைட் வீதியில் ஓடும் பஸ்ஸில் என் இரண்டு வயது மகனை மடியில் வைத்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு தகப்பனும் ஒன்பது வயது மதிக்கத்தக்க மகளும்.

“அப்பா, நாளைக்கு நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்.”

வகுப்பு நாடகத்தில் அவள்தான் ஹவாய்த் தீவுகளின் அரசி. கரும்புத் தோட்ட முதலாளிகள் வெளிநாட்டுப் படையின் துணையோடு வந்ததும் அவள் ஆட்சியை விட்டு இறங்க வேண்டுமாம்.

“எழும்பாட்டி நாடகம் முடியாதே, குஞ்சு. ரீச்சரும் வீட்டை போகேலாது.”

“அவங்கள் சீனி விக்க வந்தவங்கள். இட்ஸ் நொட் தெயர் செயர். அது அவங்கட கதிரை இல்லை.”

“ஓம். சண்டை பிடிச்சா தன்ர சனம் சாகும் எண்டுதான் அவ எழும்பினவ.”

“பிறகு நாட்டைத் திருப்பிக் குடுத்தவங்களோ?”

“இல்லையம்மா.”

“அப்ப அவ ஏன் எழும்போணும்?”

அவர் மகளின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். “தெரியேல்லை. ஆனா அந்தப் படைக்கு முன்னால நீங்கள் என்ர பக்கத்தில நிண்டிருந்தா நானும் எழும்பியிருப்பன்.”

அவள் தொப்பியை மேலே தள்ளிவிட்டாள்.

“சரி, எழும்புறன். ஆனா மெதுவா. முதலாளியா வாற பெடியன் வெக்கப்படுமட்டும் அவனைப் பாத்துக்கொண்டு.”

“அவன் பாவம்,” என்று தகப்பன் சிரித்தார்.

பகல்நேரக் காப்பகத்தில் என் மகனின் விளையாட்டுக் காரை மற்றப் பிள்ளைகள் பறிக்கிறார்கள். “குடுத்திடு ராசா” என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன். இனி என்ன சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.