நிலை என்ற சொல்

உங்கள் அறை ஜன்னலிலிருந்து ஏரி தெரியவில்லை, சுவர்தான் தெரிகிறது. ஒருவகையில் நல்லதுதான், ஐயா. எங்கள் பக்கத்தில் ஏரி தெரிகிற ஜன்னலென்றால் அதற்குத் தனி விலை. குளியலறை ஜன்னலில் ஒரு கீற்றுத் தண்ணீர் தெரிந்தால்கூட அதை விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கேமராவில் என் குரல் பதிவாகியிருக்கிறது. "நிலை" என்று ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு இன்னொரு சத்தம் வருகிறது, காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்றீர்கள். முதல் சொல்லைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக விளங்கும். எனக்கு அவசரமில்லை. தேநீர் ஆறிவிட்டதே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம், நான் ஆறியதைத்தான் குடிப்பேன்.

தண்ணீரில் போன என் அக்காவும் நானும்தான் அந்த ஏரியில் கடைசியாக வலை இழுத்தவர்கள். ஏரி கடலை ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு, அதில் ஒரு வாய். அந்த வாய் வழியாகக் கடல் உள்ளே வரும், கூடவே மீனும் இறாலும் வரும். பெரும்பாலும் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவுத் தண்ணீர். அதனால் படகே இல்லாமல் நடந்தே இழுப்போம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வலையின் ஒரு முனைக் கயிறு ஒருவர் இடுப்பில், மறு முனைக் கயிறு மற்றவர் இடுப்பில். முன்னால் போகிறவர் வளைந்து சுற்றிப் போய், ஓரிடத்தில் காலை ஊன்றி நின்று "நிலை" என்று குரல் கொடுப்பார். எனக்குக் கால் எட்டுகிறது, நீ நேராக வா என்று அர்த்தம். பின்னால் இருப்பவர் குனிந்த தலை நிமிராமல், வலையின் அடிக்கயிற்றைப் பாதத்தால் அழுத்திக்கொண்டே அந்தக் குரலுக்கு நேராக வந்து சேருவார். ஆழம் பார்க்க மாட்டார். பார்ப்பதற்கு நின்றால் வலை மேலே தூக்கிவிடும், அடியில் இருப்பதெல்லாம் நழுவிவிடும்.

கரையில் புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள் யாராவது தண்ணீரில் இறங்கினால் ஒவ்வோர் அடியையும் துழாவித்தான் வைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சொல்லை நம்பி மிதிப்பார்கள்.

என்னைத் தண்ணீருக்குப் பழக்கியது அக்காதான். என்னை வளர்த்ததும் அவள்தான். அம்மா முகம் எனக்கு ஞாபகமில்லை. அப்போது அவள் முன்னால், நான் பின்னால். அவள் "நிலை" என்று சொன்ன இடத்தில் ஒருமுறைகூட எனக்குக் கால் தவறியதில்லை. தாடை வரைக்கும் வந்திருக்கிறது, அதற்கு மேல் வந்ததில்லை. தன் உயரத்தை விட்டுவிட்டு என் உயரத்துக்குப் பார்த்துத்தான் அவள் இடம் பிடித்து நிற்பாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வேன்.

பிறகு ஏரியின் வாயில் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். உல்லாசப் படகுகள் ஆடாமல் நிற்க வேண்டுமாம். படகுகள் ஆடவில்லை, மீனும் வரவில்லை. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை இழுத்தால் பாசியும் பாட்டில் மூடியும் வரும். ஒருநாள் ஒரு குழந்தையின் செருப்பு வந்தது. அக்கா அதைக் கழுவிக் கரையில் வைத்தாள், ஜோடி தேடி வருவார்கள் என்று. யாரும் வரவில்லை. அவ்வளவு நல்ல செருப்பை ஒற்றையாகத் தொலைத்துவிட்டு இன்னொரு ஜோடி வாங்கிக்கொள்கிற ஆட்கள் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். போனவர்களில் ஒருவன் திரும்பி வந்து, தான் விற்ற மனையிலேயே காவல்காரனாகச் சேர்ந்தான். தான் பிறந்த வாசலில் நின்றுகொண்டு காருக்குக் கதவு திறந்துவிடுகிறான். எங்கள் வலப்பக்கம் முழுக்க முழுக்கக் கண்ணாடியாலான வீடு. அந்த வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயரே கண்ணாடி. கண்ணாடிதான் அந்தக் கேமராவை வைத்தவர், ஏரியைப் பார்க்க அல்ல, எங்களைப் பார்க்க. ஈர வலையோடு அவர் புல்வெளியை மிதித்துவிடுவோமாம். இன்றைக்கு அது உங்களுக்கு உதவியாக இருக்கிறது. எதுவும் வீண் போவதில்லை.

எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீருக்குள் இறங்குகிற படிக்கட்டு. பத்திரத்தில் அக்கா பெயரும் என் பெயரும் சேர்ந்திருந்தது. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் கை ஈரமாகும், என் மனைவியின் இருமல் அந்தச் சுவரிலிருந்து வந்ததுதான். ஆனால் வரி போடுகிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. கண்ணாடி என்ன விலைக்கு வாங்கினாரோ அந்த விலையை வைத்து எங்களுக்கும் வரி போட்டார்கள். மீனே வராத ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வரி. என் மகளுக்கு ஏரிப் பக்கம் வாடகைக்குக்கூட இடம் கிடைக்கவில்லை, பேருந்தில் பாதி நாள் போகிற தூரத்தில் குடியிருக்கிறாள். பேரப்பிள்ளையை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், அதுவும் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வருகிற முகத்தை.

தரகர் நல்ல மனிதர். பொறுமையாக வந்து பொறுமையாகப் பேசுவார். அக்கா அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, கடைசிவரை கேட்டுவிட்டு, "பாக்கறதுக்குத்தானே இவ்வளவு விலை குடுக்கறாங்க? வந்து நின்னு பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு வீடு?" என்பாள். தரகருக்கே சிரிப்பு வந்துவிடும். எனக்கு வரவில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லையும் விற்க முடியாது.

நான் கோபப்பட்டுப் பேசியதே இல்லை. இதை நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம், அக்கம்பக்கம் என்று யாராவது மிச்சமிருந்தால். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தபோது நிதானமாகத்தான் கேட்டேன்.

"தண்ணில ஒண்ணுமே இல்லக்கா. எதுக்குப் பிடிச்சு வச்சிட்டு இருக்கோம்?"

"நாம இருக்கோமேடா" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. ஒரு பேச்சை முடிக்க வேண்டுமென்றால் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அவளால் அப்படிப் பேச முடிந்தது. நான் வலையைப் பிரித்து முடித்தேன்.

அப்புறம் அவளுக்குக் கண்ணில் புரை வந்தது, அதிலிருந்து நான் முன்னால், அவள் பின்னால். கண் அறுவைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். தண்ணீர் படக்கூடாது என்றார்கள், ஆறும்வரை என் மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் மனைகளை மேடாக்க மணல் வேண்டுமென்று ஏரிக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். சுத்தமான மணல் எங்கே கிடக்கிறது என்று காட்ட ஒரு ஆள் தேடினார்கள். ஏரி தெரிந்தவன் வேறு யார் இருக்கிறான்? நாணல் திட்டுக்கு முன்னால் காட்டினேன். அங்கே முழங்காலுக்குச் சற்று மேல்தான் தண்ணீர், அக்கா ஆயுசு முழுக்க மிதித்த இடம். தோண்டி எடுத்த பிறகு அங்கே நீளமான மூங்கில் கோலை முழுசாக விட்டும் அடி தட்டவில்லை. கீழே கூழாகச் சேறு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரின் முகம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

குழியைச் சுற்றிச் சிவப்பு மிதவைகள் கட்டிவிட்டுப் போனார்கள். பொறுப்பானவர்கள்தான். அந்த மிதவைகளை அவிழ்த்தவன் நான். வலை சிக்கும் என்று அவிழ்த்தேன்.

அக்கா திரும்பி வந்தாள். முதல் வேலையாகப் படிக்கட்டில் போய் நின்று, "ஏரி இவ்ளோ பளிச்சுனு இருக்குமா? இத்தனை நாள் அழுக்குக் கண்ணாலயே பாத்திருக்கேன்" என்று சிரித்தாள். மருத்துவர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டாராம். எங்கே இழுக்கலாம் என்று அவள்தான் கேட்டாள். நாணல் திட்டுக்கு முன்னால் என்றேன். அங்கே இப்போது இறால் இருக்கிறது என்றும் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் வேண்டுமானால் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காலை, வெயில் இதமாக இருந்தது. இடுப்பில் கட்டுகிற கயிற்றுக்கு நாங்கள் போடுவது உருவு முடிச்சு. நுனியை இழுத்தால் கழன்றுவிடும், ஆபத்துக்கு அதுதான் உயிர். அன்றைக்கு அவளுக்கு நான் கட்டிவிட்டேன். குனிந்தால் கண் கனக்கிறது என்றாள், நீ நில்லு அக்கா என்று சொல்லி நானே கட்டினேன். கடுமுடிச்சு போட்டேன். நனைந்தால் இறுகுமே தவிர அவிழாது. வலையில் ஈயக்குண்டு புதிதாகக் கோத்திருந்தேன், கொஞ்சம் தாராளமாகவே. என் தலையில் ஒரு தும்பு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, "உனக்கும் நரைச்சிடுச்சுடா" என்றாள்.

நான் முன்னால் போனேன். குழியின் விளிம்பு எனக்குக் காலுக்குத் தெரியும். விளிம்போடு சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறி நின்றேன். முழங்காலுக்குச் சற்று மேல் தண்ணீர். கால் நன்றாக ஊன்றியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழி. அக்கா கண் கனத்தாலும் வழக்கம்போலக் குனிந்து, அடிக்கயிற்றை மிதித்துக்கொண்டு, என் குரலுக்காக நின்றாள்.

சொன்னேன்.

நீங்கள் கேட்ட சொல்லுக்கு இதுதான் அர்த்தம், ஐயா. எனக்குக் கால் எட்டுகிறது என்பது. நான் நின்ற இடத்தில் எட்டத்தான் செய்தது. அவள் துழாவவில்லை. நேராக வந்தாள், நாலைந்து அடி எடுத்து வைத்திருப்பாள், பிறகு அவள் இல்லை.

அவளுக்கு நீச்சல் தெரியும். அதனால்தான் ஒருமுறை மேலே வந்தாள். என் இடுப்புக் கயிறு வெடுக் வெடுக்கென்று இழுத்தது. பெரிய மீன் மாட்டினால் இப்படித்தான் இழுக்கும். அந்த ஏரியில் அப்படி ஓர் இழுப்பை உணர்ந்து வெகு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் காலை வைத்துச் சாய்ந்து இழுத்திருந்தால் அவள் வந்திருப்பாள். கனமான ஆள் இல்லை. என் முடிச்சு உருவு முடிச்சு. நுனியைப் பிடித்து உருவிவிட்டேன். கயிறு தண்ணீரில் ஓடிப் போயிற்று.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மிதவை, ஈயம், முடிச்சு, எல்லாம் யோசித்துச் செய்ததுதான். அவள் இருக்கும்வரை நாங்கள் எல்லோரும் அந்த ஈரச் சுவருக்குள் இருமிக்கொண்டே இருந்திருப்போம். யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தரகர் துக்கம் கேட்க வந்தபோது, ஆள் போன தண்ணீர் என்பதால் வாங்குகிறவர்கள் யோசிக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள்.

அந்த இரண்டாவது சத்தம் பாக்கியிருக்கிறது. கேமராவுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்றீர்கள், எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே வந்த அந்த ஒரு மூச்சில் அவள் சொன்னது. காப்பாற்று என்று சொல்லியிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். அவளைப் பிடிக்க ஓடிவந்து நானும் விழுந்துவிடுவேனோ என்று பயந்துவிட்டாள். புதுக் கண்ணை அகலத் திறந்து, என்னைப் பார்த்துக் கையை இப்படி ஆட்டி, "வராதடா, இங்க நிலை இல்ல" என்றாள்.

அதனால்தான் போகவில்லை. இதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தண்ணீரில் அக்கா சொன்ன சொல்லை நான் ஒருநாளும் மீறியதில்லை.